உப்புவெளி வளவுக்குச் செவ்வரத்தையா, போகன்வில்லாவா?

உப்புவெளி_வளவு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருக்கிறது. வீதிப் பக்கம் புதிதாக மதில் கட்டி முடித்திருக்கிறோம். மேற்குப் பார்த்த மதில், நாற்பது அடி நீளம் வரும். பின்னேர வெயில் முழுக்க அதில்தான் விழும். வெறும் சீமெந்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஏதாவது பூமரம் வைக்க வேண்டும்.

அம்மாவுக்குச் செவ்வரத்தைதான் வேண்டும். காலையில் சாமிக்கு வைக்க ஒரு பூவாவது வளவில் பூக்க வேண்டும் என்கிறார். வீட்டுக்காரருக்குப் போகன்வில்லா. நிலாவெளிப் பக்கத்து விடுதி மதில்களில் அது ஊதாவும் செம்மஞ்சளுமாகச் சரிந்து கிடப்பதைப் பார்த்த நாளிலிருந்து அதே கதைதான். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் தண்ணீர் ஊற்றப் போகிறவள் நான்.

மண் வெறும் மணல். கிணற்றுத் தண்ணீர் ஆனி, ஆடியில் சவர்ப்படும். குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் அதைத் தாராளமாகப் பூமரத்துக்கு ஊற்ற மனம் வராது. இந்த நிலைமையில் எது தாங்கும்? இரண்டையும் வளர்த்தவர்கள் ஒப்பிட்டுச் சொன்னால் நல்லது.

பாலையூற்று_அண்ணை:
தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்விக்கு உள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. மேற்குப் பார்த்த மதில், மணல், தண்ணீர் குறைவு. அந்த இடம் போகன்வில்லாவுக்கென்றே செய்தது போல இருக்கிறது. செவ்வரத்தையை அங்கே வைத்தால் வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் அதற்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை.

இரண்டு மரத்தின் தாகமும் நேரெதிர். செவ்வரத்தையின் இலை அகலம், மெல்லியது. கச்சான் காற்று, அந்தத் தென்மேற்குச் சுடுகாற்று, அடிக்கத் தொடங்கினால் இலை வழியாகப் போகிற தண்ணீருக்கு வேர் ஈடு கொடுக்க வேண்டும். மணலில் அது முடியாது. காலையில் ஊற்றியிருந்தாலும் பதினொரு மணிக்கே இலை தொங்கிவிடும். போகன்வில்லா வேறு மாதிரி. காய விட்டால் இலையைக் கொட்டிப்போட்டு, வெறும் கொடியில் பூக்கும். தண்ணீர் கூடினால்தான் அதற்குக் கேடு.

ஆகவே எந்த மரம் வடிவு என்று பார்க்காதீர்கள். வளவில் எந்த மூலைக்கு வாளியோடு தினமும் போவீர்கள், எந்த மூலைக்குப் போக மாட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். மரம் தானாகவே முடிவாகிவிடும்.

சாம்பல்தீவு_அக்கா:
அண்ணை, கொஞ்சம் பொறுங்கள். செவ்வரத்தை என்றால் எல்லாம் ஒன்றில்லை. எங்கள் ஊர் வேலிகளில் காலங்காலமாக நிற்கிற ஒற்றை அடுக்குச் சிவப்பு வேறு, இப்போது நேர்சறிகளில் சாடியோடு விற்கிற கலப்பினம் வேறு. சாப்பாட்டுத் தட்டு அளவில் மஞ்சளும் நடுவில் சிவப்புமாகப் பூக்கிறதே, அதுதான் இந்த வெயிலில் படுத்துவிடும். அதில் பெரும்பாலானவை ஒட்டுக் கன்றுகள். மெத்தக் கவனிப்புக் கேட்கும். நாட்டுச் சிவப்பு அப்படியில்லை. ஒரு தடி முறித்து மழைக்கு நட்டால் வேர் பிடிக்கும், இரண்டு வருடம் போனால் ஆள் உயரத்துக்கு நிற்கும், அதன் பிறகு கச்சானில் வாடினாலும் சாகாது.

எங்கள் வீட்டில் உடுப்புக் கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பற்றை நிற்கிறது. அலசின தண்ணீர் மட்டும்தான் அதற்கு. வருடம் முழுக்கப் பூ. அம்மாவின் ஆசை ஒரு மரத்தோடு முடிகிற ஆசை, நாற்பது அடி மதிலும் அதற்குத் தேவையில்லை. குசினித் தண்ணீர் போகிற பக்கம் ஒரு நாட்டுச் செவ்வரத்தையை வையுங்கள். பத்திரகாளி அம்மனுக்கென்றாலும் பிள்ளையாருக்கென்றாலும் சிவப்புப் பூ கையில் இருக்கும். போகன்வில்லாவைப் பூசைத் தட்டில் வைப்பதை நான் கண்டதில்லை. மணமும் இல்லை, தொட்டால் கடதாசி மாதிரிச் சரசரக்கும்.

கோட்டையடி:
உப்புவெளிக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. நகரத்துக்குள் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மான்!

பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள் பொழுதுபட்டால் வெளியே வந்து வீதியோரத்திலும் கடற்கரைப் பக்கமும் மேயும். செவ்வரத்தைத் தளிரும் மொட்டும் அவற்றுக்கு நல்ல விருப்பம். வேலிக்கு வெளியே நீண்ட கிளையில் விடியும்போது ஒரு இலை இருக்காது. போகன்வில்லாவின் இளங்குருத்தையும் கடித்துப் பார்க்கும், ஆனால் முள் முற்றிய கொடிக்குள் வாயை விடாது. மானை விரட்ட எனக்கு மனமில்லை. அவை இந்த ஊருக்கு உரியவை. அதனால் வெளிப்பக்கம் போகன்வில்லா, உள்முற்றத்தில் செவ்வரத்தை என்று வைத்துக்கொண்டேன். மான் வராத இடங்களில் ஆடும் மாடும் அதே வேலையைச் செய்யும்.

தம்பலகாமம்_வயற்கரை:
நல்ல இழை. இரண்டின் குடும்பத்தையும் தெரிந்துகொண்டால் பராமரிப்பு பாதி விளங்கும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செவ்வரத்தை வெண்டி, பருத்தி, பூவரசு எல்லாம் சேர்ந்த குடும்பம். வெண்டிப் பூவையும் பூவரசம் பூவையும் செவ்வரத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து இதழ், நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி மகரந்தம். அமைப்பு ஒன்றுதான். வெண்டிக்கு வருகிற பூச்சி இதற்கும் வரும். வெண்டியைப் போலவே இதுவும் நன்றாகச் சாப்பிடுகிற, நன்றாகக் குடிக்கிற செடி. ஒரு பூவின் ஆயுள் ஒரு நாள். விடிய விரியும், பொழுதுபட சுருண்டுவிடும். தினமும் புதுப் பூவை உண்டாக்க வேண்டிய மரத்துக்குச் சாப்பாடும் தினசரித் தேவைதானே.

போகன்வில்லா அந்திமந்தாரையின் குடும்பம். வேலியோரத்தில் தானாக முளைக்கிற மூக்கிரட்டையும் அதே குடும்பம்தான். பிறந்த இடம் தென்னமெரிக்கா. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கப்பற்படைக்காரர் பூகன்வில்லின் பெயரை இதற்கு வைத்தார்கள். அந்தப் பயணத்தில் கூடப் போன கொமெர்சன் என்ற தாவரவியலாளர்தான் 1767இல் ரியோ டி ஜெனீரோவில் இதைச் சேகரித்தார்.

நாம் பூ என்று சொல்கிற நிறமுள்ள பகுதி பூவே இல்லை, பூவைச் சுற்றியிருக்கிற இலை. ஒரு கொத்தைக் கையில் எடுத்து உள்ளே பாருங்கள். மூன்று நிற இலைகளின் நடு நரம்பிலும் ஒவ்வொரு சின்னக் குழல் ஒட்டியிருக்கும், நுனியில் நட்சத்திரம் மாதிரி வெள்ளையாக விரிந்திருக்கும். அதுதான் பூ. அது உதிர்ந்த பிறகும் நிற இலை கிழமைக் கணக்கில் நிற்கும். செவ்வரத்தை ஒரு நாளில் முடிய, இது மாதக் கணக்கில் பூத்திருப்பதாகத் தெரிவதன் காரணம் இதுவே. நிறம்கூட வேறு வகை. பீற்றூட்டுக்குச் சிவப்புக் கொடுக்கிற சாய வகைதான் போகன்வில்லாவிலும் இருக்கிறது, செவ்வரத்தையில் இருப்பது அது இல்லை.

அப்புறம் பசளை. செவ்வரத்தைக்குத் தழைச்சத்தும் (நைதரசன்) சாம்பல்சத்தும் (பொற்றாசியம்) வேண்டும், மணிச்சத்தை (பொசுபரசு) குறைத்துக்கொள்ள வேண்டும். பூப்பதற்கு என்று மணிச்சத்துக் கூடிய உரத்தை அள்ளிப் போட்டால் வேர் இரும்புச்சத்தை எடுக்கத் திணறும். மாட்டெருவும் கூட்டெருவும் மாதம் ஒரு முறை கொஞ்சமாகப் போட்டாலே போதும். போகன்வில்லாவுக்கு யூரியா பக்கமே போக வேண்டாம். தழைச்சத்துக் கிடைத்தால் கொடி பனையளவு ஓடும், நிறம் வராது. மழை தொடங்க ஒரு கூடை கூட்டெரு, மழை ஓய்ந்ததும் இன்னொரு கூடை. அவ்வளவுதான்.

கிண்ணியா_தோட்டக்காரன்:
தம்பலகாமத்துச் சகோதரர் அருமையாக எழுதியிருக்கிறார். வெட்டுவது பற்றி நான் சொல்கிறேன், போகன்வில்லாவில் எல்லாமே கத்தரிக்கோலில்தான் இருக்கிறது.

இது புதுக் கிளையின் நுனியில் பூக்கிற கொடி. வெட்டாமல் விட்டால் உச்சியில் மட்டும் நிறம் தெரியும், கீழே முள்ளும் கட்டையும்தான் மிஞ்சும். மதிலின் உள்பக்கம் நின்று பார்க்கிற உங்களுக்கு ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வீதியில் போகிறவருக்கும்தான் பூ. ஒரு தரம் பூத்து நிறம் மங்கினதும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். வெட்டின இடத்தில் இரண்டு மூன்று குருத்து வரும். அவை முழ நீளம் வந்ததும் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை இன்னும் கூடும். அதன் பிறகு தண்ணீரைக் குறையுங்கள்.

இரண்டாவது, இது தானாகச் சுவரைப் பிடித்து ஏறாது. பற்றிக்கொள்ளச் சுருள் இல்லை, வேரும் ஒட்டாது. முள்ளை ஊன்றிச் சாய்ந்துகொண்டு போகிற கொடி. மதிலில் ஆணி அடித்துக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட கொடி மார்கழி வாடைக் காற்றில் மதிலோடு சேர்த்து அடிபட்டு முறியும்.

மூன்றாவது, நடும்போது பொலித்தீன் பையைக் கிழித்து மண்ணை உலுப்பக் கூடாது. இதன் வேர் நூல் மாதிரி, பட்டென்று அறுந்துவிடும். பையின் அடியை மட்டும் வெட்டி, குழியில் இறக்கி, பக்கத்தைக் கீறி மெதுவாக உருவி எடுங்கள். மண் உருண்டை குலையாமல் இருந்தால்தான் கன்று பிழைக்கும். செவ்வரத்தைக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை.

மட்டிக்களி_மாமி:
பிள்ளை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? போகன்வில்லா முள் வளைந்தது. குத்தினால் கீறிக்கொண்டுதான் வரும், சில பேருக்குத் தோலும் தடித்து எரியும். படலைக்குப் பக்கத்திலும் சைக்கிள் நிறுத்துகிற இடத்திலும் வைக்காதீர்கள். வெட்டின கிளையை வீதியில் போட்டால் யாருடைய ரயரையாவது குத்திவிடும். காய வைத்து ஒரே இடத்தில் எரித்துவிடுங்கள். செவ்வரத்தை என்றால் பிள்ளை அதற்குள் ஒளிந்து விளையாடும். இலையை ஊறவைத்துக் கசக்கித் தலைக்கும் வைக்கலாம்.

சீனக்குடா_காற்று:
எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் போகன்வில்லா தளதளவென்று பச்சையாக நிற்கிறது, பூ மட்டும் இல்லை. நல்ல நிலத்தில் இருக்கிறது, நாளும் தண்ணீர் போகிறது, வெயிலும் படுகிறது. பக்கத்தில் ஒரு பாழ் வளவில் யாரும் பார்க்காமல் கிடக்கிற கொடி மாசியில் முழுக்க ஊதாவாகப் பூத்தது. என்ன வித்தியாசம்?

பாலையூற்று_அண்ணை:
நாளும் தண்ணீர் போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி. பாழ் வளவுக் கொடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அதுதான் வித்தியாசம்.

குளிர் நாடுகளில் பகல் குறுகும்போது போகன்வில்லா பூக்கும் என்று எழுதுவார்கள். நமக்கு ஆனியிலும் மார்கழியிலும் பகல் நேரத்தில் ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம். அதனால் இங்கே அதைப் பூக்க வைப்பது பெரும்பாலும் வரட்சிதான். ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் மழையில் குளித்து இலையும் தண்டுமாக வளரும். தையில் மழை ஓய, மண் காயத் தொடங்க, மாசி பங்குனியில் நிறம் கொட்டும். அந்தக் காய்ச்சலை நீங்கள் வாளியால் தடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நிலத்தில் வேர் பிடித்து ஒரு வருடம் தாண்டின கொடி என்றால் தண்ணீரை அடியோடு நிறுத்துங்கள். இலை தொங்கத் தொடங்கினால் மட்டும் ஒரு தரம் வேர் நனைய ஊற்றிவிட்டுத் திரும்பவும் காய விடுங்கள். சாடியில் நிற்பது என்றால் மேல் மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம். சாடி பெரிதாக இருக்கவும் வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்குப்பட்டு நின்றால் நன்றாகவே பூக்கும்.

ஆனால் புதுக் கன்றுக்கு இந்தப் பட்டினிக் கதை இல்லை, அதை எல்லோரும் கவனிக்க வேண்டும். முதல் வருடம் அதற்கும் ஒழுங்காகத் தண்ணீர் வேண்டும். கச்சானில் சின்னக் கன்றைக் காயவிட்டால் பூக்காது, செத்துப்போகும்.

நிலாவெளி_மணல்:
சவர்த் தண்ணீர் பற்றி யாரும் பேசவில்லையே. நிலாவெளியில் எங்களுக்கு அதுதான் முதல் பிரச்சினை.

செவ்வரத்தைக்குச் சவர் ஏறினால் இலையின் ஓரத்தில் தெரியும். நுனியில் இருந்து கரையோரமாகக் கபிலமாகிக் காய்ந்துகொண்டு வரும், நடு இலை பச்சையாகவே இருக்கும். வெயில் சுட்டது என்று நினைத்து இன்னும் கூடக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு இன்னும் சேரும். ஒவ்வொரு நாளும் மேலாகத் தெளிப்பதுதான் மிகக் கெட்டது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு வேர்ப்பக்கத்தில் தங்கிவிடும். அதைவிட இரண்டு நாளைக்கு ஒரு தரம் நிறைய ஊற்றி ஆழத்துக்கு இறக்கிவிடுவது நல்லது. மணலுக்கு ஒரு நன்மை இருக்கிறது, உப்பு கீழே கழுவுப்பட்டுப் போகும். ஐப்பசி மழை வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும்.

வேரைச் சுற்றிப் பழைய பொச்சு மட்டையைத் தும்புப் பக்கம் மேலே பார்க்கப் புதையுங்கள். மழையில் கிடந்து ஊறின மட்டையாகப் பாருங்கள். அதற்கு மேல் காய்ந்த இலைகுழை. ஈரம் நிற்கும், ஊற்றுகிற தண்ணீரும் குறையும். இலையில் கிணற்றுத் தண்ணீர் படாமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள்.

போகன்வில்லா இந்த உப்பைக் கணக்கிலேயே எடுக்காது. கடற்கரையில் நேரே காற்றுப் படுகிற விடுதி மதில்களில் எல்லோரும் அதை வைப்பது வடிவுக்காக மட்டுமில்லை, வேறு பல பூமரங்கள் அங்கே நிற்காது.

உப்புவெளி_வளவு:
எல்லோருக்கும் மெத்த நன்றி. அக்கா சொன்னது சரி, அம்மாவின் ஆசைக்கு ஒரு மரம் போதும் என்று நான் யோசிக்கவே இல்லை. கிழக்குப் பக்கத்தில் கிணற்றடி இருக்கிறது, குசினித் தண்ணீரும் அங்கேதான் போகிறது. காலை வெயில் படும், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு நிழல். செவ்வரத்தைக்கு அது காணுமா? இன்னொன்று, செவ்வரத்தை என்றால் வெள்ளைப் பூச்சி வரும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பக்கத்தில் பப்பாசி ஒன்றும் நிற்கிறது.

தம்பலகாமம்_வயற்கரை:
காலை வெயில் ஐந்து மணித்தியாலம் பட்டால் தாராளம். மத்தியான நிழல் இந்த ஊரில் செவ்வரத்தைக்கு வரம் என்றே சொல்வேன், மொட்டு உதிர்வது குறையும். கச்சான் காலத்தில் மொட்டு விரியாமல் விழுவதற்கு முக்கியக் காரணமே ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது. அளவு குறைவாக இருந்தாலும் ஒழுங்காக ஊற்றுங்கள். குசினித் தண்ணீரில் எண்ணெயும் சோடா கலந்த சவர்க்காரத் தூளும் வராமல் பாருங்கள். அரிசி கழுவின தண்ணீர், மரக்கறி கழுவின தண்ணீர் எல்லாம் நல்லது.

நீங்கள் கேட்ட வெள்ளைப் பூச்சி, அதாவது வெண்மூட்டுப் பூச்சி விஷயம். பயம் நியாயமானதுதான். 2008இல் பப்பாசி வெண்மூட்டுப் பூச்சி இலங்கைக்குள் வந்தபோது பப்பாசி, அரலி, செவ்வரத்தை எதையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த வருடம் அதை அழிக்கிற மிகச் சிறிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அதன் பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி மனிதரைக் கொட்டாது, கண்ணுக்குத் தெரிவதே அரிது, அவ்வளவு சிறியது. ஆகவே பூச்சியைக் கண்டதும் கடும் மருந்தை அடித்தால் முதலில் சாவது நமக்கு உதவுகிற அந்தக் குளவிதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிழமைக்கு ஒரு தரம் கிளை நுனியைப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். காம்பு சேருகிற இடத்தில் பஞ்சு ஒட்டினது போல் வெள்ளையாக ஏதும் இருக்கிறதா, இலை சுருண்டு கொத்தாக நிற்கிறதா, தண்டில் எறும்பு வரிசையாகப் போகிறதா என்று பாருங்கள். எறும்பு போனால் மேலே பூச்சி இருக்கிறது என்றுதான் அர்த்தம். அது விடுகிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவிக்கொண்டு திரியும். கொஞ்சமாக இருந்தால் குழாயை அழுத்திப் பிடித்து வேகமாகத் தண்ணீர் அடித்துவிடுங்கள். சுருண்ட நுனியை வெட்டி எரித்துவிடுங்கள். மிஞ்சினதற்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலும் நன்றாக அடித்துக் கலந்து, பொழுதுபடும் நேரத்தில் இலையின் அடியில் படத் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். பப்பாசிக்கும் செவ்வரத்தைக்கும் நடுவில் ஒரு பத்தடியாவது விடுங்கள்.

போகன்வில்லாவுக்கு இவ்வளவு தலையிடி இல்லை. இலையில் ஓட்டை ஓட்டையாகக் கடித்திருந்தால் புழு, இரவில் ரோர்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்கிவிடலாம். அதுவும் கொடியைக் கொல்லாது.

கோட்டையடி:
சாடியில் வைக்கிறவர்கள் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். நுளம்பு. செவ்வரத்தைச் சாடிக்குத் தட்டு வைக்கத்தான் வேண்டும் என்றால் தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள்.

பாலையூற்று_அண்ணை:
தங்கச்சி, புது மதில் என்றீர்கள். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, இது முக்கியம். மேசன்மார் வேலை முடிந்து போகும்போது மிச்சச் சாந்தையும் சீமெந்துக் கட்டியையும் மதில் அடியிலேயே தள்ளி மணலால் மூடிவிடுவார்கள். அந்த இடத்து மண் காரமாகிவிடும். செவ்வரத்தை அங்கே நின்றால் புது இலை மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. பசளை போட்டுத் தீராது. போகன்வில்லா ஓரளவு பொறுக்கும், அதுவும் விரும்பாது.

ஆகவே நடுவதற்கு முதல் அலவாங்கால் குத்திப் பாருங்கள். மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டடி ஆழம், இரண்டடி அகலம் குழி வெட்டி, கட்டியெல்லாம் பொறுக்கி எறியுங்கள். செம்மண் ஒரு பங்கு, எடுத்த மணல் ஒரு பங்கு, மக்கின மாட்டெரு ஒரு பங்கு. மதில் ஓரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற இடமானால் மண்ணை ஒரு சாண் உயர்த்தி அதன் மேல் நடுங்கள். கார்த்திகை மழையில் வேர் அழுகிச் செத்த போகன்வில்லாக்கள்தான் கூட, வெயிலில் செத்தது குறைவு.

நாற்பது அடிக்கு ஐந்து கன்று தாராளம். எட்டடிக்கு ஒன்று. நெருக்கி நட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெட்ட முடியாமல் போகும்.

சாம்பல்தீவு_அக்கா:
ஐந்தையும் ஒரே நிறத்தில் வாங்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு நிறம்தான் தூரத்திலிருந்து வடிவு. அந்தக் கடும் ஊதா எல்லாவற்றையும்விடத் திடமானது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் மெதுவாக வளரும். ஒரே கொடியில் இரண்டு நிறம் வருகிறதை ஒன்று மட்டும் படலைக்கு எதிர்ப்பக்கம் வைக்கலாம்.

சீனக்குடா_காற்று:
கடையில் வாங்காமல் தடி நட்டு எடுக்கலாமா? இரண்டையும்?

கிண்ணியா_தோட்டக்காரன்:
எடுக்கலாம் தம்பி. இரண்டுக்கும் பென்சில் மொத்தத்தில், கொஞ்சம் முற்றின கிளையாக, ஆறு ஏழு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ் இலையை எல்லாம் எடுத்துவிட்டு, தும்புத்தூளும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து நிழலில் வையுங்கள். கடல் மணல் வேண்டாம். செவ்வரத்தை ஒரு மாதத்துக்குள் வேர் விட்டுவிடும். போகன்வில்லாவுக்கு இரண்டு மாதம் போகும், பத்துத் தடி வைத்தால் நாலைந்து அழுகும், அது வழமை. அதற்கு ஈரம் மெல்லியதாக இருந்தால் போதும். துளிர் வந்தவுடன் வேர் வந்துவிட்டது என்று நினைத்து இழுத்துப் பார்க்கக் கூடாது. தண்டில் இருக்கிற சத்திலேயே முதல் துளிர் வரும். பையின் அடித் துளையில் வெள்ளை வேர் தெரிந்த பிறகு மாற்றலாம்.

காலம் என்றால் புரட்டாதி கடைசி. மழைக்காலம் முடிவதற்குள் கன்று தயாராகும், அடுத்த கச்சானுக்கு முன்னால் வேர் ஆழம் போயிருக்கும். இப்போது ஆடியில் எதையும் நடாதீர்கள்.

உப்புவெளி_வளவு:
முடிவெடுத்துவிட்டோம். மதில் நீளத்துக்கு ஊதாப் போகன்வில்லா, படலைப் பக்கம் ஒரு எட்டடி வெறுமையாக. மாமி சொன்ன முள் விஷயம் மகனை நினைத்தால் சரிதான். கிணற்றடியில் நாட்டுச் செவ்வரத்தை, பப்பாசிக்கு எதிர் மூலையில். அம்மா ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறார். இன்று மதில் அடியை அலவாங்கால் குத்திப் பார்த்தோம். பாலையூற்று அண்ணை சொன்ன மாதிரியே சாந்துக் கட்டி அடுக்காக வந்தது, இரண்டு சாக்கு நிறைந்துவிட்டது, இன்னும் பாதி மதில் கிடக்கிறது. மழைக்கு முன்னால் குழியை ஆயத்தப்படுத்துகிறோம்.

அக்கா, உங்கள் பற்றையில் இருந்து தடி தருவீர்களா?

சாம்பல்தீவு_அக்கா:
இதென்ன கேள்வி! புரட்டாதியில் எப்படியும் கவாத்துப் பண்ணத்தான் வேண்டும். இரண்டு மரத்துக்கு ஆறு தடியாவது கொண்டுபோங்கள், ஈரச் சாக்கில் சுற்றித் தருகிறேன். வெட்டின அன்றைக்கே நட்டுவிட வேண்டும், அதனால் வருகிறதுக்கு முதல் தும்புத்தூளை நனைத்து வைத்துவிட்டு வாருங்கள்.